மூக்கு போன வருஷத்தில் போட்ட தேன் ஒயின்

கிறிஸ்துமஸ் நண்பகல். எதிர்வீட்டுத் திரேசியா சேச்சி வீட்டு முன்னறையில் காகித நட்சத்திரத்துக்குள் விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. மேஜையில் பிளம் கேக், கட்லெட், கள் விட்டுப் புளிக்கவைத்த கள்ளப்பம். ஓரமாக, சைவக்காரியான எனக்கென்று தனியாக மூடிவைத்த காய்கறி ஸ்டூ. இவற்றுக்கெல்லாம் நடுவில் என் பாட்டில்.

அது நான் என் கையால் போட்ட தேன் ஒயின். ஜன்னல் வெளிச்சத்தில் நல்லெண்ணெய் நிறத்தில் நின்றது. பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூட மேடையில் ஏற்றிவிட்டுக் கீழே உட்கார்ந்திருக்கும் தாயைப் போல நான் நாற்காலி நுனியில் இருந்தேன்.

முதல் டம்ளர் சேவியர் சேட்டனுக்கு. சேச்சியின் கணவர். வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வெறும் தண்ணீர் குடித்தாலே அவர் முகத்தில் நாலு பாவம் வந்துபோகும். என் ஒயினை ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"கொள்ளாம்," என்றார். நன்றாயிருக்கிறது என்று பொருள். சொல்லிவிட்டு டம்ளரை மேஜையின் அந்தக் கோடிக்கு நகர்த்தி வைத்தார்.

அடுத்து சேச்சி. ஒரு வாய் குடித்தார். கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தார். அவசரமாக ஒரு துண்டு கேக்கை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு சேச்சி?"

"கேக்கு நல்லாயிட்டுண்டு, அல்லே?" என்றார் சேச்சி, என்னைப் பார்க்காமல்.

என் டம்ளரை நான் அதுவரை தொடவில்லை. தொடப் பயம். ஏன் பயம் என்று சொல்வதற்கு அந்த வருஷத்தின் தொடக்கத்துக்குப் போக வேண்டும்.

மோந்து பார்க்கும் உத்தியோகம்

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் போடிநாயக்கனூர்க்காரி. கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் கணேசன் இங்கேயே பிறந்த தமிழர். பஜாரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. எனக்குக் கரீம் சேட்டின் மசாலாச் சரக்குக் கிடங்கில் வேலை. என்ன வேலை என்றால், மோந்து பார்க்கும் வேலை.

சிரிக்காதீர்கள். போடியில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். மூட்டையிலிருந்து ஒரு பிடி மிளகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனால், அது நன்றாகக் காய்ந்ததா, ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடிக்கப் போகிறதா, புதுச் சரக்கில் பழையதைக் கலந்திருக்கிறார்களா என்று சொல்லிவிடுவேன். சுக்கு, ஏலக்காய், ஜாதிபத்திரி எல்லாம் அப்படித்தான். மெஷினும் உண்டு. ஆனால் மெஷின் பார்ப்பதற்கு முன்னால் சேட் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

கிடங்கின் வடக்கு ஜன்னலோரம் சாம்பிள் மேஜை. அதற்கு இந்தப் பக்கம் என் நாற்காலி. பிரம்பு பிய்ந்து, நான்தான் பிளாஸ்டிக் கயிறு போட்டுப் பின்னினேன். அரசாங்க உத்தியோகம் கொடுத்தால்கூட அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க எனக்கு மனசு வந்திருக்காது.

ஊரெல்லாம் சுற்றி ஓய்ந்துபோன அந்தப் பெரிய காய்ச்சல், கடைசிப் பந்திக்கு வந்த விருந்தாளி மாதிரி எனக்கு வந்தது. உடம்பு வலி போனது, இருமல் போனது. கூடவே மூக்கும் போனது.

எனக்கு முதலில் தெரியவில்லை. அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்கிறது. நான் பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரிக்கிறேன். வாசலிலிருந்து கணேசன் ஓடிவந்தார்.

"எடீ, கருகுது! உனக்கு மணக்கலியா?"

மணக்கவில்லை. மறுநாள் பஜார் ரோட்டில் நடந்தேன். சுக்கு மூட்டை, மஞ்சள் மூட்டை, கருவாட்டு வண்டி, சாயாக்கடை எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படம் பார்ப்பதுபோல இருந்தது. நடுரோட்டில் நின்று அழுதேன். மீன் வாங்கப் போனவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சேட் நல்ல மனுஷர். என்னை லேபிள் ஒட்டும் பகுதிக்கு மாற்றினார். "மூக்கு வரட்டும். வந்ததும் வா," என்றார். மாதங்கள் போயின. ஒருநாள் கூப்பிட்டனுப்பினார்.

"செல்வி, வருஷம் பொறந்தா புது மிளகு வந்துரும். அப்ப எனிக்கு அந்த மேஜையில ஆள் வேணும். அதுவரைக்கும் நோக்கலாம். வரலேன்னா, வேற ஆளு கூப்பிடணும். நீ எந்தும் விசாரிக்கக் கூடாது கேட்டோ."

தப்பாக நினைக்காதே என்கிறார். எப்படி நினைப்பேன்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் என் நாற்காலியில் வேறொருத்தர் உட்காருவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. இறங்கிய சோற்றுக்கும் மணமில்லை.

டாக்டர் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். தினம் காலையில் கிராம்பு, எலுமிச்சை, காப்பித்தூள் என்று ஒவ்வொன்றாக மோந்து, அந்த வாசனையை நினைவில் கொண்டுவர வேண்டும். கிராம்பு டப்பாவைத் திறப்பேன். ஒன்றும் வராது. மூடுவேன். கொஞ்ச நாளில் அந்த டப்பாவைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது.

இன்னொன்றும் நடந்தது. என்னைச் சுற்றியிருந்தவர்கள் என் எதிரில் வாசனை பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். சாம்பார் மணக்கிறது, சாக்கடை நாறுகிறது என்று ஒரு வார்த்தை வராது. என் மனசு நோகக்கூடாதாம். அந்த அன்பு என்ன வேலை செய்தது என்பது இந்தக் கதையிலேயே பின்னால் வரும்.

ஜாடிக்குள் ஜீவன்

எங்கள் சந்தில் தமிழ்க் குடும்பங்கள் பல. அதனால் திரேசியா சேச்சிக்குத் தமிழ் வரும். அவர் தமிழில் பாதி மலையாளம். என் மலையாளத்தில் பாதி போடி. சண்டை போடுவதற்குக்கூட அது போதுமானதாக இருந்தது.

மழை விட்ட ஒரு மத்தியானம் அவர் வீட்டு ஸ்டோர் ரூமுக்கு என்னைக் கூட்டிப்போனார். பெரிய பீங்கான் பரணியில், நம் ஊரில் ஊறுகாய் ஜாடி என்போமே அதில், முந்திரிச்சாறு போட்டிருந்தார். முந்திரி என்றால் இங்கே திராட்சை. வாயை வேட்டித்துணியால் கட்டியிருந்தது.

"செல்வி, இதில காது வெச்சுக் கேளு. ஜீவன் உண்டு."

குனிந்து காதை வைத்தேன். உள்ளே பொசுபொசுவென்று ஒரு சத்தம். நின்று, மறுபடி பொசுபொசு. தூங்கும் குழந்தையின் மார்பில் காது வைத்தால் கேட்குமே, அப்படி.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூக்கு செத்துப்போன என்னிடம், மணக்க வேண்டிய ஒரு பண்டம் காது வழியாகப் பேசுகிறது. இதை நானும் செய்ய வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். தினம் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால், என்றைக்காவது மூக்கும் பொறாமைப்பட்டு எழுந்து வரும் என்று ஒரு நப்பாசை.

அன்று ராத்திரியே போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். ஆப்பிளில் செய்தால் சைடர், பார்லியில் செய்தால் பீர், தேனில் செய்தால் மீட். சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் குளிர்தேசத்துத் தாடிக்காரர்கள், கம்பளிச் சட்டை போட்டவர்கள். "அறையின் சாதாரண வெப்பத்தில் வையுங்கள்" என்கிறார்கள். அவர்கள் அறைக்கும் மட்டாஞ்சேரி அறைக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் அறையில் வைத்தால் மாவே மத்தியானத்துக்குள் புளித்துவிடும்.

(வீட்டில் போடுவதற்கும் சட்டப்படி அனுமதி வேண்டும் என்று சேவியர் சேட்டன் பின்னால்தான் சொன்னார். இப்போது என் வீட்டில் இஞ்சிச் சோடா மட்டும். படித்துவிட்டு யாரும் கிளம்பி வர வேண்டாம்.)

ஆப்பிளும் கேழ்வரகும்

முதலில் சைடர். இடப்பள்ளி மாலுக்குப் போய், அட்டைப்பெட்டியில் அடைத்த ஆப்பிள் ஜூஸ் வாங்கிவந்தேன். ஈஸ்ட் போட்டேன். துணி கட்டினேன். காதை வைத்தேன். சத்தமே இல்லை. ஒரு வாரம் தினமும் காதை வைத்து, கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். பிறகு பெட்டியைத் திருப்பிப் படித்தால், கெடாமலிருக்க மருந்து சேர்த்திருக்கிறதாம். கெட்டுப்போகவே கூடாது என்று அவர்கள் உறுதியாக இருக்கும்போது என் ஈஸ்ட் பாவம் என்ன செய்யும்?

இரண்டாம் முறை தள்ளுவண்டி ஆப்பிள். துருவி, பிழிந்து, கை கடுத்துப்போனது. இந்தத் தடவை சத்தம் வந்தது. கொஞ்சம் அதிகமாகவே வந்தது. எங்கள் வெக்கைக்கு அது ஒயினாகி, நிற்காமல் ஓடிப்போய் வினிகராகிவிட்டது. நாக்கில் வைத்ததும் தோள்பட்டை வரை கூசியது. திரேசியா சேச்சி அதை வாங்கிக்கொண்டுபோய் இறைச்சி விந்தாலுவில் ஊற்றி, "எந்தா ஒரு ருசி!" என்று சொல்லியனுப்பினார். சைவக்காரிக்கு அந்தப் பாராட்டால் என்ன பிரயோசனம்.

அடுத்தது பீர். நாட்டுமருந்துக் கடையில் பார்லி வாங்கி முளைகட்டினேன். முளைக்கவில்லை. தோல் நீக்கிய பார்லி எப்படி முளைக்கும்? நான் அசரவில்லை. கேழ்வரகை முளைகட்டுவதற்கு எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? முளைகட்டி, காயவைத்து, வறுத்து, திரித்து, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினேன். கசப்புக்கு ஏதோ பூ வேண்டும் என்றார்கள். அது கிடைக்காததால், காய்ச்சல் காலத்தில் வாங்கி மிஞ்சியிருந்த நிலவேம்பைப் போட்டேன்.

சோடா பாட்டிலில் அடைத்து அடுக்களை மேடையில் வைத்திருந்தேன். ஒரு மாலை நாங்கள் இருவரும் சாயா குடிக்கும்போது மூடி பிய்த்துக்கொண்டு கூரைக்குப் போனது. நுரை சுவரில், காலண்டர் முருகன் மேல், கணேசனின் வெள்ளைச் சட்டை மேல்.

அவர் கன்னத்தில் வழிந்ததை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "எடீ, இது கஷாயம். போலீஸ் பிடிச்சா ஆயுர்வேதம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்."

அந்த வருஷத்தில் நான் முதல்முறையாக வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஊறுகாய்ப் புத்தி

மிச்சமிருந்தது தேன். போடியிலிருந்து தம்பி மலைத்தேன் கொண்டுவந்து கொடுத்தான். கைக்கு வந்த சரக்கில் நல்லது இதுதான், வீணாக்கக்கூடாது என்று நினைத்தேன். ஜாடி சுத்தமாயிருந்தால் பாதி வெற்றி என்று தாடிக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள். பாட்டில் கழுவ அவர்கள் ஏதோ பொடி வைத்திருக்கிறார்கள். நமக்கெதற்குப் பொடி?

போடிப்பக்கத்தில் ஆவக்காயோ எலுமிச்சையோ ஊறுகாய் போடுவதற்கு முன்னால் ஜாடியை எப்படிச் சுத்தம் செய்வோம்? கழுவி, நல்ல வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, பிறகு பெருங்காயப் புகை காட்டுவோம். தணல்மேல் கட்டிப் பெருங்காயத்தைப் போட்டு, அதன்மேல் ஜாடியைக் கவிழ்த்தால் புகை உள்ளே நிரம்பும். அப்புறம் அந்த ஜாடிப்பக்கம் பூஞ்சை எட்டிப் பார்க்காது.

அதையே செய்தேன். பஜாரில் கட்டிப் பெருங்காயம் வாங்கி, தணலில் ஒரு துண்டு போட்டேன். புகை வந்தது. வாசனை வரவில்லை. அடடா, சரக்கு சரியில்லை போல என்று இன்னொரு துண்டு போட்டேன். அப்போதும் வரவில்லை. கடைக்காரனை வைதுகொண்டே, வாங்கி வந்த கட்டி முழுவதையும் போட்டுத் தீர்த்தேன்.

மூக்கு இல்லாதவள் நான். குற்றம் பெருங்காயத்தின்மேல்!

சத்தியமாக எனக்கு அது தோன்றவேயில்லை. காலமெல்லாம் மோந்து மோந்தே ஒரு முடிவுக்கு வந்த கை. அது பாட்டுக்குப் பழைய கணக்கில் வேலை செய்தது.

சாயங்காலம் கணேசன் வீட்டுக்குள் வந்ததும் வாசலிலேயே ஒரு நொடி நின்றார். "இன்னைக்கு என்ன, ரசம் விசேஷமா?" என்றார்.

"களியும் கீரையும்."

"ஓ," என்றார். அவ்வளவுதான். வாசனை பற்றிப் பேசினால் நான் அழுவேன் என்று வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு "ஓ"வுக்குப் பதிலாக அவர் நாலு வார்த்தை பேசியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

தேனும் தண்ணீரும் கலந்து, ஈஸ்ட் போட்டு, துணி கட்டினேன். மறுநாள் காதை வைத்தேன். பொசுபொசு. எனக்கு ஒரே சந்தோஷம்.

சந்தோஷத்துக்கு நடுவே கார்த்திகை பிறந்தது. கணேசன் வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்.

"எடீ, மாலை போட்ட வீட்ல இது இருக்கக்கூடாது கேட்டியா. கொட்டிக் களைய வேண்டாம். எங்கேயாவது கொண்டு வெச்சுக்கோ."

எங்கே வைப்பது? திரேசியா சேச்சி வீட்டு ஸ்டோர் ரூமில், அவருடைய முந்திரிப் பரணிக்குப் பக்கத்தில் என் ஜாடியும் குடியேறியது. ஒயின் விஷயத்தில் அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. போட்டவள்தான் கட்டை அவிழ்க்க வேண்டும். அடுத்தவர் கை பட்டால் புளித்துவிடும் என்பார்கள். அதனால் சேச்சி என் ஜாடியைத் தொடவே இல்லை. வேலை விட்டு வரும்போது நான் போய்க் காதை வைப்பேன். கட்டை அவிழ்த்துத் துடுப்பால் கிளறிவிட்டு மறுபடி கட்டுவேன். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பேன். இனிப்பு குறைந்து லேசான காரம் ஏறிக்கொண்டு வந்தது. நாக்குக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டிசம்பரில் கரீம் சேட் கிடங்கில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா, போடியில நல்ல மூக்குள்ள ஆள் இருந்தா சொல்லுங்க." நான் லேபிளைக் கோணலாக ஒட்டிவிட்டுப் பிய்த்தேன்.

மறுபடியும் அந்த டம்ளர்

இப்போது புரிகிறதா, கிறிஸ்துமஸ் மேஜையில் என் டம்ளரைத் தொட நான் ஏன் பயந்தேன் என்று? குடித்தும் ஒன்றும் மணக்காவிட்டால், புது வருஷம், புது மிளகு, புது ஆள். என் கணக்கில் அந்த ஒயின்தான் கடைசி வாய்ப்பு.

சேவியர் சேட்டன் கூரையைப் பார்த்தார். சேச்சி கேக்கை மென்றுகொண்டே இருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் பெரிய வாயாகக் குடித்தேன்.

இனிப்பு. காரம். தொண்டை எரிச்சல். அவ்வளவுதான்.

சரி, போகட்டும் என்று டம்ளரைக் கீழே வைத்து மூச்சை விட்டேன். விட்ட மூச்சு மூக்கு வழியாகப் போனது. போகும் வழியில் எதிலோ இடறியது.

எங்கோ தூரத்தில் ஒரு வாடை. பச்சையாக, முரட்டுத்தனமாக, பூண்டுக்குப் பெரியப்பன் மாதிரி. யாரோ மூடிய கதவை வெளியிலிருந்து தட்டுகிற மாதிரி. எனக்குத் தெரிந்த வாடை. பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது. இன்னொரு வாய் குடித்தேன். மூச்சை விட்டேன்.

"பெருங்காயம்!" என்று கத்தினேன்.

சேச்சி கையிலிருந்த கேக்கு தரையில் விழுந்தது.

"எந்தா பறஞ்ஞே?"

"பெருங்காயம் சேச்சி! பெருங்காயம் நாறுது! இந்த ஒயின் கேவலமா நாறுது!"

சேவியர் சேட்டன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "செல்வி, சத்தியமா? நினக்கு மணக்குதா?"

"மணக்குது சேட்டா! சாம்பார்ல தேன் ஊத்தின மாதிரி இருக்கு. இதைப் போய்க் கொள்ளாம்னு சொன்னீங்களே!"

"உன்னிடத்து எங்ஙனே பறைய?" சேச்சி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார், இரண்டும் ஒன்றாக வந்தது. "என்றெ கர்த்தாவே! ஒரு மாசமா ஸ்டோர் ரூம்ல எந்தோ கெட்டுப்போச்சுன்னு உணக்கமீனை எல்லாம் எடுத்துக் களஞ்ஞு. ரெண்டு தடவை பினாயில் போட்டுக் கழுவி. நின்றெ பரணின்னு நான் நினைச்சதே இல்ல!"

நல்ல கருவாட்டையெல்லாம் வீசியெறிந்த துக்கத்தை விட்டுவிட்டு அவர் என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். அந்த முத்தத்தில் கேக்கின் வாசனை இருந்ததா என்று கேட்டால், இல்லை. எனக்குத் திரும்பிவந்தது அந்த ஒரே ஒரு வாடைதான். அது போதும் என்றிருந்தது.

வாசலுக்கு ஓடினேன். கறுப்பு வேட்டியும் மாலையுமாகக் கணேசன் எங்கள் வீட்டுப் படியில் நின்றுகொண்டிருந்தார். என் கத்தல் கேட்டு வந்திருக்கிறார். ஒயின் குடித்த வாயோடு கிட்டே போகக்கூடாது. சந்தின் இந்தப் பக்கத்திலேயே நின்று சொன்னேன்.

"என்னங்க, பெருங்காயம் மணக்குது!"

அவர் ஒரு படி கீழே இறங்கினார். பிறகு, "அன்னைக்கே எனக்கு மணந்துச்சு எடீ," என்று சொல்லிவிட்டு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புது மிளகு

அந்தப் பாட்டிலை வேறு யாரும் தொடத் தயாராயில்லை. அது சேச்சியின் ஸ்டோர் ரூமிலேயே எனக்கு மருந்தாக இருந்தது. தினமும் போய் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். முதலில் பெருங்காயம் மட்டும். கிட்டத்தட்ட ஒரு வாரம் கழித்து அந்த முரட்டு வாடைக்கு அடியில், வெட்கப்பட்டுக்கொண்டு, தேன். அன்றைக்குச் சேச்சியின் ஸ்டோர் ரூம் தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். எழுந்து வந்தால் தெருவில் சாக்கடை நாறியது. அதையும் நின்று ரசித்தேன்.

புது வருஷம் பிறந்தது. முதல் மிளகு லோடு வந்த அன்று லேபிள் மேஜையிலிருந்து எழுந்து, கூப்பிடாமலே சேட்டிடம் போனேன். சாம்பிள் மேஜைக்கு அந்தப் பக்கம் அவர் தட்டுகளைப் பரப்பிவைத்திருந்தார். என் நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டு, அதன்மேல் சாக்குத் துண்டுகளை அடுக்கியிருந்தார்.

"சேட், ஒரு தடவை பாக்கட்டா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு தட்டை நகர்த்தினார். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனேன். மிளகு வந்தது. முழுசாக வரவில்லை, பாதி பாடத்தை மறந்தவள் ஒப்பிப்பதுபோல விட்டுவிட்டு வந்தது. நல்ல காரம். அதற்குப் பின்னால் நனைந்த சாக்கின் வாடை ஒன்று, மெல்லிசாக.

"ஈரம் இருக்கு சேட். அடிமூட்டையா இருக்கும். இப்ப காயப்போடலேன்னா பூஞ்சை பிடிச்சுரும்."

சேட் அந்தத் தட்டைத் தானும் எடுத்து ஒரு தரம் மோந்தார். இறக்கி வைத்தார். நாற்காலிமேல் இருந்த சாக்குத் துண்டுகளை எடுத்துத் தரையில் போட்டார். பிறகு காலால் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.